ஏழு கல் தோடும் ஒரு கரும்புள்ளியும்

என் கணவருக்குப் பெரிய பொருள் எதன்மேலும் ஆசை கிடையாது. மலை, கடல், கோபுரம், மனிதர்கள், எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். குண்டூசி, சேஃப்டி பின், சட்டைப் பொத்தான், சேலை ஜிகினா, அலமாரிச் சாவி, இவைதான் அவருடைய உலகம். பொருள் நகத்தளவு இருக்க வேண்டும், பளபளக்க வேண்டும். இந்த இரண்டும் என்னிடம் இல்லாததால் கல்யாணமான புதிதில் அவர் என்னை அதிகம் கவனிக்கவில்லை.

வாரம் முழுக்க ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் சாப்பாட்டு மேசை எங்களுடையது இல்லை. அதை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மூன்று பக்கமும் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, மேலே டிரேசிங் பேப்பரை விரித்து, இரு புறமும் டேபிள் லேம்ப் வைப்பார். நடுவில் ஒரு சேஃப்டி பின் ராணி மாதிரி படுத்திருக்கும். அதன் மூக்கில் முட்டுகிற அளவுக்கு மேக்ரோ லென்ஸைக் கொண்டுபோய் நிறுத்துவார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரன்கூட என் முகத்துக்கு அவ்வளவு வெளிச்சம் போடவில்லை.

அத்தனை கிட்டத்தில் வைத்துப் படம் எடுக்கும்போது எதுவும் அசையக் கூடாதாம். ஃபேனை நிறுத்த வேண்டும், கூடத்தில் யாரும் நடக்கக் கூடாது, அம்மியில் எதையும் நசுக்கக் கூடாது. எங்கள் வீடு பெங்களூர் ஜீவனஹள்ளியில், ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும் தூரத்தில் இருந்தது. ரயில் சத்தம் கேட்டதும் அவர் கையை உயர்த்துவார். நான் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நிற்பேன். ரயில் போய், டம்ளர்கள் அடங்கி, அவர் பொத்தானை அமுக்கிய பிறகுதான் குழம்பில் உப்புப் போட முடியும்.

அவர் எடுத்த படங்களில் மிகவும் பேர் வாங்கியது சைக்கிள் சக்கர அச்சுக்குள் உருளும் எஃகுக் குண்டு, ஒரு பால்ரஸ் குண்டு. அடுகோடியில் ஒரு பட்டறையில் கேட்டு வாங்கி வந்ததாம். கல்யாணத்துக்கு முன்பே எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் சோபாவுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். மாமனார் படம் அதைவிடச் சிறியது. கறுப்புப் பின்னணியில் வெள்ளி நிலா மாதிரி ஒரு குண்டு, அதன் நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு. குண்டில் ஓட்டை போட்டிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைப்பது என் வேலை.

இனி என் தோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் அம்மாவின் தோடு. வைரத்தில், நடுவில் ஒரு கல்லும் சுற்றி ஆறு கல்லுமாக, பழைய கட்டு. குடியாத்தத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மாவின் முகம் தெரியும் முன்பே காது தெரியும். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, திருகாணியைத் திருகி, தன் காதிலிருந்து கழற்றி என் காதில் போட்டாள். அதன் பிறகு அவள் போட்டுக்கொண்டது பயறு அளவில் ஒரு தங்கத் தோடு. அதற்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு வேறொரு வருத்தம் இருந்தது. எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வயதில் போய்விட்டான். எப்படி என்று கேட்டால் “காய்ச்சல்” என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் என்றைக்கும் வந்ததில்லை. அப்பாவும் பேச மாட்டார். சாமி எடுத்துக்கொண்டது என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அப்போது அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

என் கணவர் ஒரு போட்டோ கிளப்பில் இருந்தார். கல்யாணமான அடுத்த வருஷம் கிளப்பில் நகை என்று தலைப்புக் கொடுத்துப் போட்டி வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் காதருகே குனிந்தார். அத்தனை மாதத்தில் அவர் என் காதருகே குனிந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“இதைக் கழட்டு,” என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். சுமங்கலியின் காது மூளியாக இருக்கக் கூடாதென்று மாமியார் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சியை ஒடித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் செருகிக்கொண்டு, ரயிலுக்கு ரயில் அசையாமல் நின்றேன். தோட்டில் ஒன்றைக் களிமண்ணில் நிறுத்தி, நேர் எதிரே லென்ஸை வைத்து, ஒரு ரோல் முழுவதையும் தீர்த்தார். என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் அத்தனை படத்தில் இல்லை.

சிவாஜிநகர் கலர் லேபில் கொடுத்து, நன்றாக வந்த ஒன்றைப் பெரிதாக்கி எடுத்து வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற தோடு சாப்பாட்டுத் தட்டளவுக்கு இருந்தது. மாமியார்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். அவர் குடும்பம் இரண்டு தலைமுறையாகப் பெங்களூரில் இருந்தது. என்னிடம் தமிழில் பேசுவார். என் காதில் விழக் கூடாததை மகனிடம் கன்னடத்தில் பேசுவார். அன்றைக்கு என் காதில் விழ வேண்டும் என்று நினைத்ததால் தமிழில் ஆரம்பித்தார்.

“இங்க வாம்மா. நடுக் கல்லுல பாரு. கருப்பா என்னவோ இருக்குதே?”

பார்த்தேன். சுற்றியிருந்த ஆறு கல்லும் தீயாக எரிந்தன. நடுக் கல்லில் மட்டும், சரியாக மையத்தில், வட்டமாக ஒரு கரும்புள்ளி. என் கணவர் படத்தை வாங்கினார். அவர் முகம் சுருங்கியது. கல்லைப் பார்த்து அருவருப்புப்படுகிறார் என்று நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று.

தோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே அத்தை,” என்றேன்.

“கண்ணுக்குத் தெரியாததைத்தானே அது காட்டுது? அதுக்குத்தானே அவ்ளோ பெரிய லென்ஸு?” மாமியார் மகன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. இது கல்லுலதானே இருக்குது?”

அவர் படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, “கேமரா எதிர்ல இருக்கறதைத்தான் காட்டும்,” என்றார். படத்தை மேசைமேல் வைத்துவிட்டு லென்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. வாங்கும் முன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்து, கெட்ட கனவு வருகிறதா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கீற்று இருந்தால் ஆகாது, கரும்புள்ளி இருந்தால் ஆகவே ஆகாது. எனவே மாமியாரைப் பைத்தியம் என்று நான் நினைக்கவில்லை. நானும் அந்தத் தோட்டைத் திரும்பக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிரவு அவர் மகனிடம் கன்னடத்தில் சொன்னதில் கடைசிச் சொல் எனக்குப் புரிந்தது. இந்தக் கல் நம் வீட்டுக்கு ‘பேடா’ என்றார். வேண்டாம் என்பதற்கான அந்தச் சொல்லைத்தான் அந்த வீட்டில் நான் முதலில் கற்றுக்கொண்டிருந்தேன்.

தோட்டை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கலாம். மாமியாருக்கு அது போதவில்லை. “உங்கம்மாவை வரச் சொல்லு,” என்றார். அம்மா என்னவோ ஏதோ என்று பயந்து, அந்தப் பயத்திலும் ஒரு தூக்குச் சட்டி நிறைய அதிரசம் சுட்டுக்கொண்டு ரயிலேறி வந்தாள். வந்தவளை சோபாவில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே பால்ரஸ் குண்டு. மாமியார் காபி கொடுக்கும் முன்னால் படத்தைக் கொடுத்தார். என் கணவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார்.

அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது பெருமை. தன் தோடு அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வெளிச்சத்தில்.

“நடுவுல பாருங்க சம்பந்தியம்மா,” என்றார் மாமியார். “புள்ளி இருக்குதா? தெரிஞ்சே குடுத்தீங்களோ தெரியாம குடுத்தீங்களோ, நான் கேக்கல. இந்த மாதிரிக் கல்லு குடும்பத்துக்கு ஆகாது. புருஷனைத் தின்னும். புள்ளையத் தின்னும்.”

அம்மாவின் விரல் அந்தக் கரும்புள்ளியின் மேல் போய் நின்றது. அப்படியே இருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. மாமியாருக்கு அந்தப் பையனைப் பற்றித் தெரியும். பெண் பார்க்க வந்தபோதே விசாரித்துத் தெரிந்துகொண்டவர்தான். தெரிந்துதான் சொன்னார்.

“இது எப்பத்துலேர்ந்து இருக்கும்?” என்று அம்மா கேட்டாள்.

“கல்லு மண்ணுலேந்து வரும்போதே இருக்கும். நடுவுல வருமா?”

“அப்போ நான் போட்டுங்கினு இருந்தப்பவே இருந்துச்சா?”

“இல்லாம?”

அம்மா நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தாள். “நெசந்தானா மாப்ள?” என்றாள். படித்தவர், கேமராக்காரர், அவர் வேறு விதமாகச் சொல்லிவிட மாட்டாரா என்று அவள் கண் கெஞ்சியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று கேட்டால், ஆமாம் என்கிற பக்கம்தான்.

அம்மா சாப்பிடவில்லை. மஞ்சள் துணியில் தோட்டை முடிந்துகொண்டாள். படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு மத்தியான ரயிலுக்கே கிளம்பினாள். வாசலில் என் முகத்தைத் தடவ வந்த கை பாதியில் நின்றுவிட்டது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஊரில் நகைக்கடைக்காரரிடம் தோட்டைக் கொடுத்தபோது அம்மா அந்தப் படத்தையும் காட்டியிருக்கிறாள். ஒளிக்கத் தெரியாதவள். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கல்லைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், “ஆமாமா, இருக்குது” என்றார். ஒரு பொருளை விற்க வந்தவளே அதில் குறை இருக்கிறது என்று படத்தோடு வந்து நின்றால் எந்தக் கடைக்காரர்தான் இல்லை என்பார்? அவர் சொன்னதோடு அம்மாவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. அதை விற்ற பணத்தில் எனக்குச் சிவப்புக் கல் தோடு வந்தது. மாமியார் அதை ஒரு முறை பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

அந்தத் தோட்டுப் படத்தின் இன்னொரு பிரதியைப் போட்டிக்கு அனுப்பியிருந்தார் என் கணவர். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன திருப்தி. ஏன் கிடைக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, நடுவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன். அம்மாவிடமிருந்து போன் வந்தது. “இங்க வாணாம்மா. அங்கயே பெத்துக்கோ. பெரிய ஆஸ்பத்திரிங்க இருக்குது,” என்றாள். நான் அழுதேன், சண்டை போட்டேன். கடைசியில் அவளும் உடைந்துபோய், “எங்கையில வாணாண்டி. அந்தக் கல்லைப் போட்டுங்கினு புள்ளையத் தூக்கின கைடி,” என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். தாய் வீட்டில் இடம் கொடுக்காத பெண்ணை மாமியார் எப்படி வைத்துக்கொள்வாரோ அப்படி வைத்துக்கொண்டார். பத்தியச் சோறு போடும்போது ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டத் தவறியதில்லை.

பெண் பிறந்து, தொட்டிலில் போடும் நாளில் அம்மா வந்தாள். தொட்டிலின் கால் பக்கம் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்தாள். “தூக்கும்மா,” என்றேன். “பயணத்துல வந்த கை” என்றாள். குளித்துவிட்டு வந்த பிறகும் தூக்கவில்லை. அடுத்த தடவை சளி என்றாள். அதற்கடுத்த தடவை கை நடுக்கம் என்றாள். என் பெண் நடந்து, ஓடி, பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அம்மா அவளை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை. குழந்தை போய் அவள் மடியில் ஏறினால், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த மாதிரி எழுந்துகொள்வாள். பாட்டிக்கு என்னைப் பிடிக்காது என்று என் பெண் சொல்லத் தொடங்கினாள். இல்லடி என்று சொன்னேனே தவிர, வேறென்ன சொல்ல?

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு டிஜிட்டல் கேமரா வந்தது. மாமியார் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் நன்றாக மங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் கணவர் வேலையை விட்டுவிட்டு, வாரக் கடைசியில் எங்கள் கூடத்திலேயே வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். வருகிறவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து ஐடி வேலைக்கு வந்த பிள்ளைகள். வீட்டிலேயே மேசைமேல் சின்னப் பொருளை வைத்து எடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பார். ரயில் வந்தால் கையை உயர்த்துவார். அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு திருநெல்வேலிப் பெண் தன் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து எடுத்தாள். நான் காபித் தட்டோடு உள்ளே வந்தபோது அவள் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு முகம் வெளுத்து நின்றாள்.

“சார், கல்லுக்கு நடுவுல கருப்பா ஏதோ இருக்கு. கடையில ஏமாத்திட்டாங்களா சார்?”

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஐயோ, பயப்படாதம்மா. கல்லுல ஒண்ணும் இல்ல. அது உன் லென்ஸு.”

கேமராவை ஒரு விரற்கடை நகர்த்தி மறுபடி எடுத்தார். புள்ளியும் ஓரமாக நகர்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்து எடுத்தார். புள்ளியே இல்லை. கல் சுத்தமாக எரிந்தது.

“பளபளன்னு இருக்கற எதுவும் கண்ணாடி மாதிரிதான். எதிர்ல இருக்கறது அதுல தெரியும். நேரா வெச்சு எடுத்தா லென்ஸோட கண்ணு கருப்பு வட்டமா விழும். எல்லாரும் பண்ற முதல் தப்பு இதுதான்.” சோபாவுக்கு மேலே கையைக் காட்டினார். “அதோ பாருங்க, நான் எடுத்த முதல் ரோல்லயே வந்துச்சு. அப்பவே கத்துக்கிட்டேன். அதுக்காகத்தான் மாட்டி வெச்சிருக்கேன்.”

எல்லோரும் பால்ரஸ் குண்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அத்தனை வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் துணியால் துடைத்த அந்த ஓட்டை. அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்து, மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு, என் தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டாள். அவள் பயத்தைப் போக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிள்ளைகள் போன பிறகு கேட்டேன். “எங்கம்மா தோட்டுல இருந்ததும் இதுதானா?”

“எது?”

நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார். ஞாபகப்படுத்தினேன். தெர்மாகோல் அட்டைகளை மடக்கிக்கொண்டே, “ஆமா, அதுவும் லென்ஸ்தான்,” என்றார்.

“அன்னைக்கே தெரியுமா?”

“பார்த்ததுமே தெரியும்.”

“அப்புறம் ஏன் வாயைத் திறக்கல? எங்கம்மா உங்களைத்தானே கேட்டாங்க?”

அவர் கொஞ்சம் எரிச்சலோடுதான் பதில் சொன்னார். “போட்டிக்குப் போற படம். லென்ஸ் விழுந்திருக்குன்னு நானே எப்படிச் சொல்றது? தெரிஞ்ச தப்பையே பண்ணியிருந்தேன், ரோல் முழுக்க அப்படித்தான் வந்திருந்துச்சு. எங்கம்மா கல்லுல இருக்குன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். ஒரு தோடுதானே?”

கையில் காலிக் காபித் தட்டு இருந்தது. அதை அவர் தலையில் போட்டிருக்கலாம். போடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை ஒன்றும் இல்லை. தன் படத்தில் குறை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக என் அம்மாவின் கல்லில் குறை என்று ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தரையைப் பார்த்தபடி ஆட்டிய அந்தத் தலையை வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

நேரே போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். எனக்கு அவசரம். அத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் கட்டிவைத்திருந்த கையை அவள் அந்த நிமிஷமே அவிழ்த்துவிட வேண்டும் என்ற அவசரம். அடுத்த ரயிலில் வந்து என் பெண்ணை மடியில் போட்டுக்கொள்வாள் என்றுகூட நினைத்துவிட்டேன். மூச்சிரைக்கச் சொன்னேன். கல்லில் புள்ளியே இல்லை, அது கேமராவின் நிழல், நகர்த்தினால் நகர்கிறது, நானே பார்த்தேன், உன் தோடு சுத்தமான தோடு, மாப்பிள்ளைக்கு அன்றைக்கே தெரியும்.

லைன் போய்விட்டதோ என்று, “அம்மா, கேக்குதா?” என்றேன்.

“கேக்குது.”

“கல்லுல ஒண்ணுமே இல்லம்மா.”

“ஒண்ணுமே இல்லியா?”

“இல்ல.”

அம்மா சந்தோஷப்படுவாள், அழுவாள், அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் நிதானமாக வந்தது.

“அப்போ எம்புள்ள எதுனால செத்தான்?”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“சொல்லுடி. இத்தினி வருசமா அந்தக் கல்லுன்னு இருந்தேன். கல்லு இல்லன்னா அப்போ எது? நானா? அதையும் மாப்ளையையே கேட்டுச் சொல்லு.”